படம் எடுப்பவரின் தொலைக்காட்சி

புகைப்பட ஆர்வலர் தொலைக்காட்சியில் முதலில் கவனிப்பது வெளிச்சம் எந்தப் பக்கமிருந்து விழுகிறது என்பதைத்தான். தொடரின் நாயகி அழும்போது வீட்டிலுள்ள மற்றவர்கள் அவள் ஏன் அழுகிறாள் என்று பார்க்கிறார்கள். இவர் அவளுடைய கருவிழியில் மின்னும் வெள்ளைப் புள்ளியைப் பார்க்கிறார். புள்ளி சதுரமாக இருந்தால் சாஃப்ட்பாக்ஸ், வளையமாக இருந்தால் ரிங் லைட், ஓரத்தில் நீளவாக்கில் இருந்தால் அநேகமாக ஜன்னல். ஒரு கன்னம் நிழலில் இருக்க, அந்த நிழலுக்குள் கண்ணுக்குக் கீழே சிறு முக்கோணமாக மட்டும் ஒளி விழுந்திருந்தால் அது ரெம்ப்ராண்ட் பெயரால் வழங்கும் ஒளியமைப்பு. அதைக் கண்டுவிட்டால் கதை அவருக்கு ஒரு நிமிடம் நின்றுபோகும். இப்படிப்பட்டவரோடு உட்கார்ந்து தொடர் பார்ப்பது வீட்டாருக்குச் சிரமமான காரியம்.

பார்க்கும் பழக்கங்களில் இரண்டு இவர்களிடம் அதிகம் தென்படுகின்றன. ஒன்று, ஒலியை அடக்கிவிட்டுப் பார்ப்பது. பின்னணி இசை வந்து சொல்லிக் கொடுக்காதபோது படம் தன் பலத்தில் நிற்கிறதா என்பது உடனே தெரிந்துவிடும். மற்றொன்று, நிறுத்தி நிறுத்திப் பார்ப்பது. வீடியோ கேசட் காலத்தில் நிறுத்திய படம் கோடு விழுந்து நடுங்கியது. டிஸ்க்கும் இணையவழித் தளங்களும் வந்த பிறகு தெளிவாகவே நிற்கிறது. நிறுத்துவது, சட்டகத்தின் ஓரங்களை ஆராய்வது, எந்த லென்ஸ் என்று ஊகிப்பது, பிடித்திருந்தால் திரையைப் படமெடுத்து வைத்துக்கொள்வது என்று ஒரு மணி நேர நிகழ்ச்சி இவர்களுக்கு இரண்டு மணி நேரமாக நீளும்.

இந்த இரண்டாவது பழக்கத்தில் ஒரு பொறி உண்டு. திரைப்படக் கேமரா பொதுவாக நொடிக்கு 24 படம் எடுக்கிறது. ஒவ்வொரு படத்துக்கும் ஷட்டர் ஏறத்தாழ 1/48 விநாடி திறந்திருக்கும். ஓடும் குதிரையை அந்த வேகத்தில் எடுத்தால் கால்கள் கலங்கித்தான் பதியும். அந்தக் கலங்கல் இருப்பதால்தான் அடுத்தடுத்த படங்கள் ஒன்றோடொன்று இழைந்து இயல்பான ஓட்டமாகத் தெரிகின்றன. அதே குதிரையைப் புகைப்படக்காரர் 1/1000 விநாடியில் கூர்மையாக நிறுத்துவார். ஆகவே தொலைக்காட்சிப் படத்தை நிறுத்திவிட்டு ‘கூர்மை போதாது’ என்று குறை சொல்வது அதன் இலக்கணம் தெரியாமல் சொல்வது. அசையும் படம் அடுத்த படத்தை நம்பி எடுக்கப்படுகிறது. தனிப் புகைப்படத்துக்கு அடுத்த படம் என்று ஒன்று கிடையாது. இந்த வேறுபாட்டை அறிந்து பார்ப்பவருக்குத்தான் தொலைக்காட்சியால் பயனுண்டு.

புகைப்பட ஆர்வலர்கள் பெரும்பாலும் ஒதுக்கும் நிகழ்ச்சி நெடுந்தொடர். கதை பிடிக்காமல் ஒதுக்குபவர்களும் உண்டு என்றாலும் அவர்கள் முதலில் சொல்லும் குறை, ‘லைட்டிங் தட்டையாக இருக்கிறது’ என்பதுதான். நான்கு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம். முகத்தில் மேடு பள்ளம் இல்லை. இரவுக் காட்சியிலும் கூடத்தில் பகல். இந்தத் தட்டைத்தனத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது. அமெரிக்காவில் 1951இல் ‘ஐ லவ் லூசி’ என்ற நகைச்சுவைத் தொடர் தொடங்கியபோது, பார்வையாளர்கள் எதிரே அமர்ந்திருக்க, நாடகம்போல் தொடர்ச்சியாக நடிக்கவைத்து, மூன்று 35 மி.மீ. ஃபிலிம் கேமராக்களால் ஒரே நேரத்தில் எடுப்பது என்று முடிவாயிற்று. ஒரு கேமராவுக்கு அழகாக ஒளி அமைத்தால் அடுத்த கேமராவில் அது நிழலாகிவிடும். ஆகவே மேலிருந்து எல்லாப் பக்கமும் சமமாக விழும் ஒளியமைப்பு உருவாக்கப்பட்டது. உருவாக்கியவர் கார்ல் ஃப்ராய்ண்ட். ஜெர்மனியில் ‘மெட்ரோபோலிஸ்’ படத்துக்கு நிழலும் ஒளியுமாகக் கேமரா இயக்கிய அதே மனிதர். 1937இல் வெளிவந்த ‘தி குட் எர்த்’ படத்துக்காக ஆஸ்கர் பெற்றவர். நிழலின் மேதைதான் நிழலில்லாத ஒளியைத் தொலைக்காட்சிக்குக் கொடுத்தார் என்பது கலை வரலாற்றின் வேடிக்கைகளில் ஒன்று.

தமிழ்த் தொடர்களின் நிலையும் இதை ஒட்டியதே. வாரத்தில் ஐந்தாறு நாள் ஒளிபரப்பாகும் தொடருக்கு ஒரே நாளில் பல காட்சிகளை முடித்தாக வேண்டும். நடிகர் எங்கே நின்றாலும் முகம் தெரியும்படி விளக்குகளை ஒருமுறை மாட்டிவிட்டால் காட்சிக்குக் காட்சி மாற்ற வேண்டியதில்லை. குறையை ஒளிப்பதிவாளர் தலையில் ஏற்றுவது நியாயமாகாது. நேரம் கொடுத்தால் அவர்களில் பலர் வேறு விதமாக எடுக்கத் தெரிந்தவர்களே.

நேரமும் சுதந்திரமும் கிடைத்தபோது இந்தியத் தொலைக்காட்சியில் என்ன நடந்தது என்பதற்குச் சான்றுகள் உண்டு. ஆர்.கே. நாராயணின் கதைகளைச் சங்கர் நாக் ‘மால்குடி டேஸ்’ தொடராக எடுத்தபோது மேற்குத் தொடர்ச்சி மலையின் ஆகும்பே ஊரையே மால்குடி ஆக்கினார், எஸ். ராமச்சந்திராவின் கேமரா அந்த ஊரின் திண்ணைகளையும் மழை வெளிச்சத்தையும் 1986இல் தூர்தர்ஷன் வழியாக நாடெங்கும் கொண்டுபோயிற்று. 1988இல் தொடங்கிய ஷியாம் பெனகலின் ‘பாரத் ஏக் கோஜ்’ தொடரில் ஒளிப்பதிவு செய்தவர் வி.கே. மூர்த்தி. குரு தத்தின் ‘காகஸ் கே ஃபூல்’ படத்தில் இருண்ட அரங்குக்குள் கற்றையாக ஒளியை இறக்கிய அவர், தாதாசாகேப் பால்கே விருது பெற்ற முதல் ஒளிப்பதிவாளர். தமிழில் சன் தொலைக்காட்சிக்காகப் பாலு மகேந்திரா எடுத்த ‘கதை நேரம்’ சிறுகதைகளைக் குறும்படங்களாக்கியது. இயற்கை ஒளியின் மேல் அவருக்கிருந்த பிடிப்பு ஊரறிந்தது. மட்டக்களப்பு மண்ணில் பிறந்து, புனே திரைப்படக் கல்லூரியில் ஒளிப்பதிவு பயின்ற அவர், புகைப்படம் எடுப்பதையும் கடைசிவரை விடவில்லை. ஒரு வீட்டின் ஜன்னல் எந்தத் திசையில் இருக்கிறது என்பது அவர் காட்சிகளில் விளங்கும். தமிழ்ப் புகைப்பட ஆர்வலருக்கு வீட்டுக்குள் ஆளைப் படம் எடுக்கக் கற்றுக்கொள்ள இதைவிட நல்ல பாடம் தொலைக்காட்சியில் வந்ததில்லை.

விருப்ப நிகழ்ச்சி எது என்று கேட்டால் அதிகம் காதில் விழும் விடை கானுயிர் ஆவணப்படம். பிபிசியின் ‘பிளானட் எர்த்’ 2006இல் வந்தது. அதற்குப் பத்தாண்டு கழித்து இரண்டாம் தொடர் 4கே தரத்தில் வந்தது. முதல் தொடரில் ஹெலிகாப்டருக்கு வெளியே, நடுக்கத்தைத் தானே சமன்செய்யும் தாங்கியில் நீண்ட லென்ஸ் கேமராவைப் பொருத்தினார்கள். விலங்குகள் மிரளாத உயரத்திலிருந்து ஆப்பிரிக்கக் காட்டு நாய்களின் வேட்டை முழுவதையும் அதனால் எடுக்க முடிந்தது. ஆனால் புகைப்படக்காரர்கள் காத்திருந்து பார்ப்பது நிகழ்ச்சியின் முடிவில் வரும் பத்து நிமிடத்தை. எப்படி எடுத்தோம் என்று படக்குழு சொல்லும் பகுதி அது. பாகிஸ்தான் மலைகளில் பனிச்சிறுத்தைக்காகக் குளிரில் கிடந்த கதையெல்லாம் அங்கேதான் வரும். காட்டில் படம் எடுப்பது என்றால் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருப்பது என்ற உண்மையை வேறெந்த நிகழ்ச்சியும் இவ்வளவு வெளிப்படையாகச் சொல்வதில்லை.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. சென்னை கிண்டி பாம்புப் பண்ணையில் சிறுவயதில் தன்னார்வலராகச் சேர்ந்த சேகர் தத்தாத்ரி, புகைப்படத்திலிருந்து ஆவணப்படத்துக்கு நகர்ந்தவர். அமைதிப் பள்ளத்தாக்கைப் பற்றிய அவருடைய படம் இந்தியக் கானுயிர்ப் படங்களில் முன்னோடி. அல்போன்ஸ் ராய் சென்னையிலிருந்து கிளம்பி உலகத் தொலைக்காட்சிகளுக்குக் கேமரா இயக்கியவர். உதகையைச் சேர்ந்த கார்த்திகி கோன்சால்வஸும் புகைப்படக் கலைஞராகத் தொடங்கியவரே. முதுமலைத் தெப்பக்காடு யானை முகாமில் அவர் எடுத்த ‘தி எலிஃபன்ட் விஸ்பரர்ஸ்’ 2023இல் ஆஸ்கர் வாங்கியது. அந்தப் படத்தின் பல சட்டகங்களைத் தனியே வெட்டி மாட்டினால் கண்காட்சிப் படங்களாக நிற்கும்.

இந்த ரசனையின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும். திரையில் புலியின் மீசை முடி எண்ணும் அளவுக்கு நெருக்கமாகத் தெரிவது, பல நூறு மி.மீ. லென்ஸும் பல வாரக் காத்திருப்பும் சேர்ந்து கொடுத்தது. அதைப் பார்த்துப் பழகியவர் சரணாலயத்துக்குப் போய் அரை நாளில் அதே படத்தை எதிர்பார்க்கிறார். ஜீப்பை இன்னும் கொஞ்சம் முன்னே நகர்த்தச் சொல்லி ஓட்டுநரை நச்சரிக்கிறார். நேர்மை பற்றிய கேள்வியும் இருக்கிறது. 2011இல் வந்த ‘ஃப்ரோசன் பிளானட்’ தொடரில் பனிக்கரடிக் குட்டிகள் பிறந்த காட்சி நெதர்லாந்து விலங்குக் காட்சிச்சாலையில் எடுக்கப்பட்டது என்று தெரியவந்தபோது பிரிட்டனில் பெரிய சர்ச்சை எழுந்தது. அதற்கு முந்தைய ஆண்டுதான், லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் கானுயிர்ப் புகைப்படப் போட்டியில் முதற்பரிசு பெற்ற ஓநாய்ப் படம், அது பழக்கப்பட்ட ஓநாயாக இருக்கக்கூடும் என்று நடுவர்கள் முடிவுசெய்ததால் தகுதி இழந்தது. புகைப்படப் போட்டி ஏற்காததைத் தொலைக்காட்சி ஏற்கிறது. கதை சொல்லும் கலைக்கு அந்தச் சலுகை தேவை என்பது தொலைக்காட்சிக்காரர் வாதம். அதைப் பார்வையாளரிடம் அப்போதே சொல்லிவிட்டால் வாதத்துக்கே இடமிராது.

புகைப்படத்தைப் பற்றியே எடுக்கப்பட்ட நிகழ்ச்சிகளுக்கு ஆர்வலர்களிடம் கிடைக்கும் வரவேற்பு எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. கருவிகளைப் பேசுபவை ஓராண்டில் பழசாகிவிடுகின்றன; போட்டி நிகழ்ச்சிகளில் படத்தைவிடப் பதற்றம் அதிகம். நிலைத்தவை சில. ஜான் பெர்ஜர் 1972இல் பிபிசிக்குச் செய்த நான்கு பகுதித் தொடர் ‘வேஸ் ஆஃப் சீயிங்’, ஓவியம் அச்சிலும் கேமராவிலும் ஏறியபோது அதன் பொருளே மாறிவிட்டது என்று விளக்கியது. அரை நூற்றாண்டு கடந்தும் பாடமாக ஓடுகிறது. 2007இல் வந்த ‘தி ஜீனியஸ் ஆஃப் ஃபோட்டோகிராஃபி’ ஆறு பகுதிகளில் புகைப்பட வரலாற்றைச் சொன்னது. புகைப்படக் கலைஞர் வில்லியம் க்ளைனின் யோசனையில் பிரான்சில் பிறந்த ‘கான்டாக்ட்ஸ்’ இன்னும் நுட்பமானது. ஃபிலிம் சுருளை அப்படியே தாளில் பதித்த கான்டாக்ட் ஷீட்டின் மேல் கேமரா மெல்ல நகரும்; எடுத்தவரின் குரல் மட்டும், எதை எடுத்தேன், எதைத் தள்ளினேன் என்று சொல்லிக்கொண்டு போகும். முகமே காட்டாமல் ஒரு கலைஞரின் மனம் தெரிந்துவிடும். போர்க்களப் புகைப்படக்காரர் ஜேம்ஸ் நாக்ட்வேயைப் பற்றி கிறிஸ்டியன் ஃப்ரை எடுத்த ‘வார் ஃபோட்டோகிராஃபர்’ 2001இல் வந்தது. நாக்ட்வேயின் கேமரா மேலேயே சிறு வீடியோ கேமராவைப் பொருத்தியதால் ஷட்டர் பொத்தானை அழுத்தும் விரலும் ஒளி அளவைத் திருத்தும் அசைவும் அவர் பார்த்த காட்சியும் ஒன்றாகத் தெரிகின்றன. புகைப்படத்தைக் கற்பிப்பவர்கள் காட்டவேண்டிய ஒரே படம் எது என்று கேட்டால் இதைச் சொல்லலாம்.

அசையாப் படத்தைத் தொலைக்காட்சி எப்படி அசைத்தது என்பதும் இதே வரிசையில் வருவது. கென் பர்ன்ஸ் 1990இல் அமெரிக்க உள்நாட்டுப் போரைப் பற்றிய நெடிய தொடரை எடுத்தபோது கையிலிருந்தவை பெரும்பாலும் பழைய புகைப்படங்களே. ஒரு முகத்திலிருந்து தொடங்கி மெல்லப் பின்வாங்கிக் கூட்டத்தைக் காட்டுவது, கையிலிருந்து நகர்ந்து துப்பாக்கிக்கு வருவது என்று படத்துக்குள்ளேயே அவர் பயணம் செய்தார். ஜெரோம் லீப்லிங் என்ற புகைப்படக்காரரிடம் பயின்றவர் அவர். ஆப்பிள் நிறுவனம் தன் மென்பொருளில் இந்த உத்திக்கு அவர் பெயரையே வைத்தது. நம் ஊர்க் கல்யாண வீடியோவில் மணமக்களின் சிறுவயதுப் படங்கள் மெல்லப் பெரிதாகி நகர்வதும் இதே உத்தியின் வழித்தோன்றல்தான்.

நாடகத் தொடர்களில் புகைப்பட ஆர்வலர்களுக்கு நேரடிச் சொந்தம் ஏற்பட்டது 2010 மே மாதம். அமெரிக்காவில் மிகுந்த புகழோடு ஓடிக்கொண்டிருந்த ‘ஹவுஸ்’ தொடரின் ஆறாம் பருவ இறுதிப் பகுதி முழுவதும் கேனான் 5டி மார்க் 2 என்ற புகைப்படக் கேமராவில் எடுக்கப்பட்டது. இடிந்த கட்டடத்தின் அடியில் சிக்கிய பெண்ணும் அவளருகே ஊர்ந்துபோகும் மருத்துவருமாகக் காட்சி. பெரிய கேமரா நுழையாத இடுக்கில் இது நுழைந்தது. அந்தக் கேமராவின் உணர்வி 36க்கு 24 மி.மீ.; வழக்கமான 35 மி.மீ. திரைப்படச் சட்டகத்தைவிடப் பெரியது. அதனால் கண் மட்டும் கூர்மையாகவும் காது கலங்கியும் தெரியும் அளவுக்குக் குவிய ஆழம் குறைந்தது. கடையில் போய் வாங்கக்கூடிய கருவியால் எடுத்த படம் முன்னணித் தொலைக்காட்சியில் ஓடிற்று என்ற செய்தி கேமரா வைத்திருந்தவர்களை உலுக்கியது. புகைப்படக்காரர்கள் பலர் வீடியோவுக்குள் நுழைந்த காலம் அது. பின்னணியைக் கரைப்பதே அழகு என்ற மோகமும் அப்போது பெருகியது. அதிலிருந்து பலர் இன்னும் மீளவில்லை.

எல்லா ஆர்வலர்களும் ஒரே மாதிரி பார்ப்பதில்லை. கல்யாணப் படம் எடுப்பவர் பாட்டுச் சேனலை விடமாட்டார். அடுத்த முகூர்த்தத்தில் மணமக்கள் எந்தப் பாட்டின் நிறத்தைக் கேட்பார்கள் என்று தெரியவேண்டுமே. தெருப் படம் எடுப்பவருக்குச் செய்தி போதும். விளையாட்டுப் படம் எடுப்பவர் கிரிக்கெட்டில் ஸ்கோரோடு கேமரா எங்கே நிற்கிறது என்பதையும் பார்க்கிறார். 1977இல் தொலைக்காட்சி அதிபர் கெர்ரி பேக்கர் ஆஸ்திரேலியாவில் தன் போட்டிகளை நடத்தும்வரை பந்துவீச்சாளரின் பின்னால் ஒரு முனையில்தான் கேமரா இருந்தது. ஒன்றுவிட்டு ஒரு ஓவர் மட்டையாளரின் முதுகைத்தான் மக்கள் பார்த்தார்கள். இரு முனையிலும் கேமரா வைத்த பிறகே ஆட்டம் முழுதாகத் தெரிந்தது. எங்கே நிற்பது என்பதே பாதிப் படம் என்பதற்கு வேறு சான்று வேண்டாம்.

தொலைக்காட்சிக்கும் புகைப்படத்துக்கும் பகையும் இருந்தது. 1936இல் புகைப்பட வார இதழாகப் பிறந்த ‘லைஃப்’, விளம்பரங்கள் தொலைக்காட்சிக்குப் போய்விட, 1972 டிசம்பரோடு வார இதழை நிறுத்திக்கொண்டது. படக்கட்டுரைக்கு இருந்த பெரிய மேடை சரிந்தது. அதே காலத்தில் புகைப்படக்காரர்கள் தொலைக்காட்சிப் பெட்டியையே படம் பிடித்தார்கள். லீ ஃப்ரீட்லாண்டர் விடுதி அறைகளில் யாருமில்லாமல் ஒளிர்ந்துகொண்டிருந்த பெட்டிகளை எடுத்த வரிசை 1963இல் ‘ஹார்ப்பர்ஸ் பஜார்’ இதழில் வாக்கர் எவன்ஸின் குறிப்போடு வந்தது. 1969 ஜூலையில் மனிதன் நிலவில் இறங்கியபோது பல நாடுகளில் மக்கள் திரையைக் குறிவைத்துக் கேமராவை முக்காலியில் நிறுத்தினார்கள். பழைய குழாய்ப் பெட்டியில் மின்னணுக் கற்றை கோடு கோடாகப் படத்தை வரையும். ஒரு முழுப் படத்துக்கு அமெரிக்க முறையில் 1/30 விநாடியும் இந்தியா பின்பற்றிய முறையில் 1/25 விநாடியும் ஆகும். ஷட்டர் அதற்குமுன் மூடிக்கொண்டால் திரையில் கருப்புப் பட்டை விழும். திரைச்சீலை ஷட்டர் கேமராவில் 1/8 வரை இறங்கவேண்டும், ஃப்ளாஷ் கூடாது, அறை விளக்கை அணைக்க வேண்டும். சென்னைக்குத் தொலைக்காட்சியே 1975இல்தான் வந்தது என்பதால் நிலவுப் படத்தைத் தமிழ்நாட்டில் யாரும் அப்படி எடுத்திருக்க வழியில்லை. இன்றைய எல்இடி திரையிலும் பட்டை விழுகிறது. பின்விளக்கு கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் அணைந்து எரிவதே காரணம். பரிகாரம் பழையதுதான், ஷட்டர் வேகத்தைக் குறைப்பது.

இவ்வளவு ஆராய்ந்து பார்ப்பவர்களும் கோட்டை விடும் இடம் ஒன்று உண்டு: வீட்டுப் பெட்டியின் அமைப்பு. கடையின் கண்கூசும் விளக்கில் எடுப்பாகத் தெரியவேண்டும் என்பதற்காக ‘விவிட்’ என்ற அமைப்பு வைக்கப்படுகிறது. அதில் வெண்மை நீலம் பாய்ந்திருக்கும், புல் பச்சை மையாகக் கொட்டும். தொலைக்காட்சி தயாரிப்பில் வெண்மைக்கு வகுத்த அளவு ஏறத்தாழ 6500 கெல்வின். ‘வார்ம்’ என்று பட்டியலில் இருப்பதே பெரும்பாலும் அதற்குப் பக்கத்தில் வரும். இன்னொரு கேடு, அசைவைச் சீராக்கும் வசதி. 24 படங்களுக்கு இடையே இல்லாத படங்களைப் பெட்டியே கற்பனை செய்து செருகுகிறது. சினிமா நெடுந்தொடர்போல் வழுக்கிக்கொண்டு ஓடுகிறது. 2018இல் நடிகர் டாம் க்ரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மெக்குவாரியும் அதை அணைத்துவிடும்படி வேண்டி ஒரு வீடியோவே வெளியிட்டார்கள். மறு ஆண்டு ஏப்ரலில் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ தொடரின் இரவுப் போர்ப் பகுதி ஒளிபரப்பானபோது எதுவும் தெரியவில்லை என்று உலகெங்கும் புகார். ஒளிப்பதிவாளர் ஃபேபியன் வாக்னர், வீட்டுப் பெட்டிகளின் அமைப்பையும் ஒளிபரப்பில் படம் நசுக்கப்படுவதையும் காரணமாகக் காட்டினார். இருட்டின் நுண்ணிய படிகள்தாம் சுருக்கத்தில் முதலில் அழிபவை என்பதால் அவர் சொன்னதில் நியாயம் உண்டு. பகல் வெளிச்சம் விழும் கூடத்தில் பார்க்கப்போகிறார்கள் என்பதையும் அவர் கணக்கில் எடுத்திருக்கலாம்.

2019இல் தொலைக்காட்சிப் பெட்டி தயாரிப்பாளர்களும் படத்துறையினரும் சேர்ந்து ‘ஃபிலிம்மேக்கர் மோட்’ என்ற அமைப்பை அறிவித்தார்கள். அசைவுச் சீராக்கம், செயற்கைக் கூர்மை ஆகியவற்றை அது அணைத்துவிடும். அது இல்லாத பெட்டியில் ‘சினிமா’ அல்லது ‘மூவி’ என்ற அமைப்பு இருக்கும். புதிய லென்ஸ் வாங்கச் சேமித்துக்கொண்டிருக்கும் ஆர்வலர், காசு செலவில்லாத இந்த வேலையை முதலில் செய்துவிடலாம். முதல் இரண்டு நாள் படம் மஞ்சளாகவும் மங்கலாகவும் தோன்றும். அதற்குள் மாற்றிவிட வேண்டாம், கண் பழகிவிடும்.